எலோதியாவின் பெயரில் நூற்றிருபது ஊசி

போதை ஊசி போடுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்குவது மெக்சிகோவின் மெக்சிகாலி நகரத்தில் எங்கள் அலுவலகத்தின் வேலை. பதிவேடு என் பொறுப்பு. தெருத்தெருவாகப் போய்க் கொடுப்பவள் எலோதியா பெல்த்ரான். பதினோரு வருடம் தானே ஹெராயின் குத்தியவள்; விட்டு ஏழு வருடம், நான்கு மாதம். குத்திய அனுபவம் இருந்ததால்தான் வேலை கிடைத்தது; மறுபடி குத்தினால் வேலை போய்விடும். இப்படி ஒரு தகுதியை நான் வேறெந்த உத்தியோகத்திலும் பார்த்ததில்லை.

ஊசி வாங்குகிறவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. தாயின் பெயரில் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதி. அதுதான் குறியீடு. தலைநகரத்து நிபுணர் ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தது. எங்கள் தெருவில் ஒருவரின் தாயைப் பற்றிப் பேச்செடுத்தால் பல் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஜூலைப் பதிவைச் சரிபார்த்தபோது, எலோதியா தான் குத்திய காலத்தில் எங்களிடம் ஊசி வாங்கிய பழைய குறியீட்டில் மூன்று வாரமாக வாரம் நாற்பது ஊசி போயிருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவேட்டை டைரக்டர் ஒஃபேலியாவிடம் நீட்டிவிட்டேன். என் தவறு.

டைரக்டர் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை மேசைமேல் வைத்தார். "சிறுநீர் வேணும், எலோதியா."

"முன்னாடியே சொல்லியிருந்தா வீட்லேர்ந்தே கொண்டு வந்திருப்பேனே மேடம். ஒரு கோப்பை போதுமா?"

சோதனையில் ஒன்றுமில்லை.

"அப்ப ஊசியெல்லாம் எங்க? வித்துட்டியா?"

"பஸ் நிலையத்துக்குப் பின்னால மூணு பொண்ணுங்க, மேடம். அம்மா பேரைக் கேட்டா ஊசியே வேணாங்கறாங்க. ஒரே ஊசியை மூணு பேரும் மாத்தி மாத்திக் குத்தறாங்க. அதான் எங்கம்மா பேரைக் கொடுத்தேன்."

"நானே வந்து கேக்கறேன். நீ சொன்னது பொய்யா இருந்தா இன்னியோட உன் வேலை போச்சு."

மாலை ஐந்து மணிக்குப் போனோம். பதிவேடு என் கையில். மூவரில் பிரிஸ்கா என்பவள் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, இறைச்சி வைத்து மடித்த சோள ரொட்டியான டாக்கோவை மிளகாய்ச் சாறு ஊற்றித் தின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையில் டைரக்டர் குனிந்து சிரித்தார்.

"உங்க அம்மா பேர் என்ன, கண்ணு?"

பிரிஸ்கா மெல்லுவதை நிறுத்தினாள். "எங்கம்மா உனக்கு எதுக்குடி?"

மறுத்தால் இன்னொரு முறை இதமாகக் கேட்க வேண்டும் என்கிறது கையேடு. டைரக்டர் கையேட்டை மீறாதவர்.

"முழுப் பேர் வேணாம்மா. முதல் ரெண்டு எழுத்து போதும்."

"எங்கம்மாவைத் துண்டு போட்டாடி கேக்கற?"

தட்டு பறந்தது. வெள்ளைச் சட்டை சிவந்தது. எலோதியா பாய்ந்து பிரிஸ்காவின் கையைப் பிடித்தாள். "விடுடி, விடு. ரொம்பப் படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாது."

அலுவலகக் காருக்குள் டைரக்டர் சட்டையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எழுதிக்குங்க பெரியவரே. எலோதியா சொன்னது உண்மை."

"மணி ஐந்து இருபது. நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதினேன்.

"இந்த வார நாப்பது, மேடம்?" என்றாள் எலோதியா.

"உங்கம்மா பேர்லயே போடு."

எலோதியா ஊசிப் பெட்டியோடு இறங்கி, முதலில் டாக்கோ விற்கிற தள்ளுவண்டிக்குப் போனாள். பிரிஸ்கா பாதிதான் தின்றிருந்தாளாம்.