அப்பா யார் என்று சொல்லும் கணினி

எலி மூளையோடு வேலை பார்த்த வரைக்கும் எனக்கு அடுத்தவர் குடும்ப விஷயம் எதுவும் தெரியாது. ஒரு நரம்புச் செல்லுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியை இறக்கி, வலிப்பு எப்படிக் கிளம்புகிறது என்று பார்ப்பேன். எப்படி என்று தெரிந்தது. ஏன் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வருகிறது என்று ஊசி சொல்லவில்லை. அதைத் தேடித்தான் கோயம்புத்தூரில் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, கணினி முன் உட்கார்ந்தேன். "நல்லா இருந்த வேலைய உட்டுப்போட்டு டைப் அடிக்கப் போயிட்டாளுங்க" என்று அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் புலம்பினாள்.

வந்த புதிதில் வெள்ளகோவில் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று. சின்னப் பெண் குழந்தைக்கு ஓயாத வலிப்பு; எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. காரணமான மரபணு தெரிந்தால் டாக்டர் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். அந்த நம்பிக்கையில் அப்பா, அம்மா, குழந்தை மூவரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். அப்பாவின் பெரியப்பா மகனுக்கும் சிறு வயதில் வலிப்பு வந்திருந்ததால் அவரும் கொடுத்தார்.

ஆய்வைத் தொடங்குமுன் கணினி ஒன்றைச் சரிபார்க்கும்: இவர்கள் சொல்லும் உறவு உண்மைதானா? அம்மா சரி என்றது. அப்பா இவர் இல்லை, அந்தப் பெரியப்பா மகன்தான் என்றது.

மறுபடி ஓட்டினேன். அதையேதான் சொன்னது. எங்கள் தலைமை ஆய்வாளர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "எல்லா ஊர்லயும் நடக்கறதுதாம்மா. வெளியில மூச்சு விடாதே. இந்த ஃபேமிலிய ஆய்விலேருந்து எடுத்துடு."

அந்தச் சிரிப்புக்கே அவரை அறைந்திருப்பேன். எடுத்துவிட்டால் குழந்தைக்குப் பதில் கிடைக்காது. ஏன் இப்படி என்று விசாரிக்கப் போனால் அந்தத் தாயின் மானம் சந்தி சிரிக்கும். காரணம் சொல்லாமல் அப்பாவிடம் மட்டும் மறுபடி ரத்தம் கேட்பது என்று முடிவு செய்து போன் போட்டேன். எடுத்தது குழந்தையின் அம்மா. கணவர் பெயரைச் சொல்லி, அவரிடம் பேச வேண்டும் என்றேன்.

"யாருங்க, தோட்டத்துக்காரருங்களா, மில்லுக்காரருங்களா?"

"உங்க வீட்டுக்காரருங்க."

"அப்ப தோட்டத்துக்காரரு. அவிய பெரியப்பா பையனுக்கும் அதே பேருதானுங்க, ரெண்டும் தாத்தா பேரு. இனிஷியலும் ஒண்ணு. கொரியர் வந்தாக்கூட மாறித்தான் போகுமுங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மேசைக்கு வருவதெல்லாம் வெறும் எண்கள். பெயர் எழுதிய டியூப்களுக்கு எண் போடுவது வேறு ஆட்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரே பெயரில் மூன்று அண்ணன்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டு பேரையும் வரவழைத்து மறுபடி ரத்தம் எடுத்தோம். அதன் முடிவு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. தோட்டத்துக்காரர்தான் அப்பா. அப்பாவிடம் ஒன்றும் அம்மாவிடம் ஒன்றுமாக, பழுதான மரபணு இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்திருந்தது. தேடிய காரணம் அதுதான்.

அவர்கள் முடிவை வாங்க வந்தபோது, முதல் தடவை டியூப் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "இங்கயுமா!" என்று சிரித்தபடி தோட்டத்துக்காரர் டாக்டரைப் பார்க்கப் போனார். அவர் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அவிய ரெண்டு பேருகிட்ட மட்டும் மறுக்கா ரத்தம் கேட்டப்பவே புரிஞ்சுபோச்சுங்க அம்மணி. அன்னைக்கிருந்து சோறு எறங்கலீங்க."

"நீங்க எதுக்குங்க பயப்படணும்?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. ஆனா மிசினு சொல்லிப்போட்டா, என்ற பேச்ச யாருங்க கேப்பாங்க?"

நான் கேட்டிருப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.