குப்பி அறைக்கு வெளியே

பேர்ணடெற் மிஸ் சத்தத்துக்கு எதிரி என்றுதான் அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடமாக நூலகத்துக் கவுண்டரில் இருக்கிறார். பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார், மண்டபம் அடங்கிவிடும். மூன்றாவது தட்டு இதுவரை தேவைப்பட்டதில்லை. ஒருமுறை ஒரு பேராசிரியரே கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டு உள்ளே வந்து, அந்தச் சத்தம் கேட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சத்தத்தை மட்டும் ஒரு நாளும் அடக்கியதில்லை. அது அவருடைய இடப்பக்கம், பழைய மாடிப்படிக்குக் கீழே இருந்து வரும்.

கால் உடைந்த கதிரைகளைப் போட்டு வைக்கும் பொந்து அது. சோதனை நெருங்கினால் அங்கே குப்பி தொடங்கிவிடும். குப்பி என்பது இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. விரிவுரையில் விளங்கிய ஒரு பிள்ளை, விளங்காத பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, தன் வாயாலே சொல்லிக் கொடுப்பது. குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். விளக்குப் போய்விட்டது, பெயர் நிற்கிறது. விரிவுரையாளர் ஒரு வருடம் சொன்னது ஏறாத மண்டையில் குப்பி ஒரு மணித்தியாலத்தில் ஏறும். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் பட்டம் வாங்கியது குப்பியின் புண்ணியத்தில்.

அந்தப் பொந்தை மிஸ் ஏன் விட்டுவைக்கிறார் என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. இடப்பக்கக் காது மந்தம்போல என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மந்தமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மிஸ் படித்துக்கொண்டிருந்தார்.

கதை 1988இல் தொடங்குகிறது. அந்த வருடம் இதே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர் பேர்ணடெற். கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த ஒழுங்கையில் முதன்முதல் கம்பஸ் கிடைத்த பெண்பிள்ளை. ஆனால் நாடு இருந்த இருப்பில் பல்கலைக்கழகங்களை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று இரண்டு வருடம் வீட்டில் காத்திருந்தார். அதற்குள் துறைமுகத்தில் கிளாக்காக இருந்த அப்பா கிளறன்ஸ் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் அம்மாவும், பள்ளிக்கூடம் போகும் தம்பி கிளைவும். அப்பாவின் கூட்டாளி ஒருவர் ஓடித் திரிந்து நூலகத்தில் இந்த வேலையை எடுத்துக் கொடுத்தார். வேலைக் கடிதம் வந்து பதினேழாம் நாள், பல்கலைக்கழகம் திறக்கிறது, பதிவுக்கு வரவும் என்று மற்றக் கடிதம் வந்தது. பேர்ணடெற் இரண்டாவது கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கொடுத்த முதல் வேலை, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நூலக அட்டை எழுதுவது. அது அவருடைய சொந்த பட்ச், அவரோடு சேர்ந்து தெரிவானவர்கள். பெயர் பெயராக நூற்றுக்கணக்கில் எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார்.

அந்த ஏக்கம் பிறகு ஆறவே இல்லை. ஆறிவிட்டது என்று மற்றவர்கள் நினைக்கும்படி நடக்கப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான். தம்பி படித்து மெல்பேர்னுக்குப் போனான். அம்மாவும் கண்ணை மூடினார். ஐம்பத்தொரு வயதில், கேட்பாரற்ற ஒரு மத்தியானத்தில், பேர்ணடெற் வேறொரு பல்கலைக்கழகத்தில், வகுப்புக்குப் போகாமலே எழுதும் வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டார். பொருளியல். ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. கழித்துப் போட்ட பழைய புத்தகப் பட்டியல் அட்டைகளின் பின்பக்கத்தில், கணக்குப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, படிக்குக் கீழே பிள்ளைகள் சொல்வதை எல்லாம் எழுதினார். நுண்பாகப் பொருளியல் பாஸ். அபிவிருத்தி பாஸ். மற்றதுகளும் ஒவ்வொன்றாக பாஸ். புள்ளிவிபரவியல் மட்டும் இரண்டு தரம் காலை வாரியது. அந்தப் பழைய பாடத்திட்டத்துக்கு வருகிற சோதனைதான் கடைசி. இதிலும் தவறினால் எழுதிய மற்றப் பாடங்கள் எல்லாம் வீண்.

இனி, மிஸ் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்ட கதை.

நூலகத்தைத் திருத்திக் கட்டுவது என்று முடிவானபோது, உதவி நூலகர் தனஞ்சயன் எல்லா ஊழியர்களுக்கும் ஒரு படிவம் கொடுத்தார். வெள்ளவத்தைப் பொடியன், வெளிநாட்டில் நூலகவியல் படித்துவிட்டு வந்தவர், கெட்டிக்காரர். புதிய கட்டடத்தில் என்ன வேண்டும் என்பது கேள்வி. மற்றவர்கள் ஏசி என்றும் சாப்பாட்டு அறை என்றும் எழுதினார்கள். பேர்ணடெற் மிஸ் கொஞ்சம் யோசித்தார். குப்பிப் பிள்ளைகள் நிலத்தில், நுளம்புக்கடியில், முதுகு கூனி இருக்கிற கோலம் கண்ணுக்குள் வந்தது. மனம் கேட்கவில்லை. “குப்பி நடத்தும் மாணவர்களுக்கு மேசை, பலகையுடன் தனி அறை வேண்டும்” என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். அறை என்றால் தன் கவுண்டருக்குப் பக்கத்தில், காதுக்கு எட்டும்படிதான் வரும் என்று எப்படியோ நினைத்துவிட்டார்.

இரண்டு வருடம் வேலை நடந்தது. போன தை மாதம் திறந்தார்கள். உள்ளதைச் சொல்லவேண்டும், அழகான வேலை. கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. சாய்ந்திருந்து வாசிக்க மெத்தை, தனியாகப் படிக்கத் தட்டிகள், கீழே கோப்பிக் கடை. பிள்ளைகள் முன்னெல்லாம் மழைக்கு ஒதுங்க வந்தவர்கள், இப்போது காலை எட்டுக்கே வரிசையில் நிற்கிறார்கள். மாடிப்படி இருந்த இடத்தில் லிஃப்ட். முதல் மாடியில் வரிசையாக ஆறு கண்ணாடி அறைகள்.

“அக்கா, உங்கட ஐடியாதான்,” என்று தனஞ்சயன் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். “உள்ளுக்க நிண்டு கத்தினாலும் வெளியில ஒரு சொட்டுக் கேக்காது. நீங்கள் இனி பென்சில் தட்டத் தேவையில்ல.”

“நல்லா இருக்கு சேர்,” என்றார் மிஸ். வேறென்ன சொல்வது.

கதவை மூடிக் காட்டினார் தனஞ்சயன். உண்மைதான், ஒரு சொட்டுக் கேட்கவில்லை.

மிஸ்ஸுக்கும் முதல் மாடியிலேயே புதுக் கவுண்டர் கிடைத்தது. அங்கே இருந்து பார்த்தால் மூன்றாம் இலக்க அறை நேரே தெரியும். மாசி, பங்குனி, சித்திரை என்று சோதனை கிட்ட வந்தது. புள்ளிவிபரவியலுக்கு அங்கே குப்பி கொடுப்பவன் முர்ஷித், அக்கரைப்பற்றுப் பிள்ளை. கை நிறைய அசைத்து அசைத்துச் சொல்லிக் கொடுப்பான். பலகையில் மலைபோல் ஒரு கோடு கீறுவான், இரண்டு ஓரத்தையும் கறுப்பாக்குவான், எல்லோரும் தலையாட்டுவார்கள், ஏதோ பகிடிக்குச் சிரிப்பார்கள். மிஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அந்த வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் தெரிந்தது. ஏன் அந்தப் படம் என்பது கேட்கவில்லை. சில நாட்களில் எழும்பிப் போய்ப் புத்தகத் தட்டுகளுக்கு இடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். எழுதிக் கேட்டு வாங்கிய கதவு தன் முகத்திலேயே சாத்தப்பட்டதை யாரிடம் போய்ச் சொல்வது?

கேட்டால் சொல்லித் தரமாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். தருவார்கள். கேட்கத்தான் வாய் வரவில்லை. முப்பத்தைந்து பட்ச் பிள்ளைகள் பயந்த மிஸ், இருபத்திரண்டு வயதுப் பொடியனிடம் போய், நான் ரெண்டு தரம் பெயில், எனக்கும் சொல்லித்தா என்று எப்படிக் கேட்பார்?

வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்புக்கும் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தார். காலி வீதியில் இறங்கி, கடல் பக்கத்து ஒழுங்கைக்குள் மூன்றாம் மாடி. ஏறி, மூச்சு வாங்கி, பின்வரிசை வாங்கில் இருந்தார். மாஸ்டர் உள்ளே வந்து அவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: “அம்மா, பெற்றோரைச் சந்திக்கிறது ஞாயிற்றுக்கிழமைதான். இண்டைக்கு வகுப்பு நடக்குது.” ஓம் என்று சொல்லிவிட்டு மிஸ் இறங்கி வந்துவிட்டார்.

பிறகு கொச்சிக்கடை அந்தோனியார்தான் கதி. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக மெழுகுதிரி கொளுத்தினார். புள்ளிவிபரவியலுக்கென்று தனியாக ஒரு புனிதர் இல்லை. இவர் தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் என்பதால், நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொண்டார்.

வைகாசி கடைசியில், மிஸ்ஸின் சோதனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, முர்ஷித்தும் இரண்டு பெண்பிள்ளைகளும் கவுண்டருக்கு வந்து நின்றார்கள். ஒருத்தி ரூபிகா, மற்றவள் நுஹா. அறைக் கதவு நாலு பேருடைய நூலக அட்டையைத் தட்டினால்தான் திறக்கும். இரண்டு பேர் ஜோடியாக வந்து அறையைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருக்கத் தனஞ்சயன் செய்த ஏற்பாடு. இவர்களுடைய நாலாவது ஆளுக்குக் காய்ச்சல்.

“ஒரு ஆள் கொறயுது மிஸ்,” என்றான் முர்ஷித். “மத்த ரூம் எல்லாம் ஆள் இரிக்கி.”

“நாலு பேர் இல்லாமத் திறக்க ஏலாது தம்பி. ரூல் அது.”

ரூபிகா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மிஸ், ஊழியர்மாரின்ட கார்ட்டும் வேலை செய்யுமாம். தனஞ்சயன் சேர் சொன்னவர். நீங்கள் ஒருக்காத் தட்டிவிட்டால் காணும். வந்து இருக்கத் தேவையில்ல.”

நியாயமான கோரிக்கைதான். வேறு யாரென்றாலும் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். மிஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஏச்சு வரப்போகிறது என்று ஒதுங்கி நின்றார்கள்.

“தட்டுற ஆள் உள்ளுக்க இருக்கவேணும்,” என்றார் கடைசியில். “ரூல் எண்டால் ரூல்தான். போய் நில்லுங்க, வாறன்.”

பக்கத்துக் கவுண்டர் ஹமீடிடம் திரும்பினார். “ஹமீட், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க. நான் ஷோர்ட் லீவு.”

“என்ன மிஸ், சுகமில்லயா?” ஹமீட் உண்மையாகவே பயந்துபோனார். மிஸ் ஷோர்ட் லீவு எடுத்து அவர் கண்டதே குறைவு.

மிஸ் லீவுப் படிவத்தை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் இத்தனை வருடமும் எழுதியது மூன்றே சொற்கள்: ஆஸ்பத்திரி, வங்கி, கோயில். இன்று “படிப்பு” என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தனஞ்சயனின் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார். கைப்பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் இலக்க அறைக்குப் போனார்.

நாலு அட்டை தட்ட, கதவு திறந்தது. உள்ளே அவர் ஒரு கதிரையை இழுத்து இருக்கும்வரை பிள்ளைகள் நின்றார்கள். மேற்பார்வைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தார்கள். முர்ஷித்தின் தமிழ் திடீரென்று பாடப்புத்தகமாகிவிட்டது. கையை அசைக்கவில்லை, பகிடி விடவில்லை. மிஸ் பையில் இருந்து பழைய பட்டியல் அட்டைகளை எடுத்து எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்று நுஹா ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ரூபிகா அவளுடைய காலை மேசைக்குக் கீழே உதைத்தாள். மிஸ்ஸுக்கு அதெல்லாம் தெரியவில்லை. காது முழுக்கக் கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஒரு சொல் விடாமல் கேட்டது.

கால் மணித்தியாலம் போனது. முர்ஷித் மலையைக் கீறினான். நூறில் ஐந்து என்று எழுதினான். அந்த ஐந்தை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு ஓரத்துக்கும் இரண்டரை போட்டான். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவன் அடுத்த வரிக்குப் போனான்.

மிஸ் வழுக்குகிற இடம் இதுதான். படிக்குக் கீழே கேட்ட காலத்திலும் இதே இடத்தில்தான் பிடி விடும். பிடி விட்டால் விட்டதுதான். அங்கே இருந்தவர்களுக்கு விளங்கிவிட்டால் குப்பி மேலே போய்விடும். கவுண்டரில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு விளங்கவில்லை என்பது யாருக்குத் தெரியும்? கேட்டுக் கேட்டே படித்தவர். ஒருநாளும் எதையும் கேட்டதில்லை.

பேனையை மேசையில் வைத்தார்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க,” என்றார். “அந்த ஐஞ்ச ஏன் ரெண்டாப் பிரிக்கிறீங்க? எனக்கு விளங்கல்ல.”

முர்ஷித் மார்க்கரைப் பிடித்தபடி நின்றான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“மிஸ், நீங்களும் எழுதுறீங்களா?” என்று கேட்டாள் நுஹா, மெல்லமாக.

“ஓம் மகள். மூண்டாந்தரம். இதுதான் கடைசி.”

யாரும் சிரிக்கவில்லை. முர்ஷித் பலகையைப் பார்த்தான், மிஸ்ஸைப் பார்த்தான்.

“எந்த இடத்துல இருந்து மிஸ் விளங்கல்ல?”

மிஸ் அட்டைகளை ஒருமுறை புரட்டினார். மரியாதை போனால் போகட்டும் என்று இருந்தது.

“முதலில இருந்து, தம்பி.”

முர்ஷித் பலகையை முழுதாக அழித்தான்.