ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அண்ணன் எனக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரே ஒரு ராக் கேசட்டும் கொண்டுவந்தான். எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. பாடுகிறவன் இங்கிலீஷில் என்ன கத்துகிறான் என்று எனக்கும் புரியாது. ஆனால் டிரம் அடிக்க ஆரம்பித்தால் டைப்ரைட்டிங் கிளாஸ், பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மறந்து போகும். நான் கேட்டது மத்தியானம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

அதுவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. பால்கோவாக் கடைக்காரர், தெருப் பஜனைக்கும் அவர்தான் தலைவர். முந்தின பங்குனியில் மகள் சடங்குக்குக் கூம்பு ஸ்பீக்கரை எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டி இரண்டு நாள் அலறவிட்டவர். எனக்கு அப்போது பரீட்சை. அந்த மனுஷன் எங்கள் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "அண்ணாச்சி, பொம்பளப் பிள்ள இருக்கிற வீட்டுல இது என்ன கூத்து? நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்."

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேசட்டோடு டேப் ரெக்கார்டரைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "மார்கழி பஜனைக்கு வச்சுக்கோங்க." என் பொருள்! இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மார்கழி பிறந்தது. விடிகாலை நாலரைக்கு என் டேப் ரெக்கார்டர் அவர் வீட்டு மொட்டைமாடிக் கூம்பு வழியாகப் பக்திப் பாட்டுப் பாடியது. தூங்க முடியாமல் அவரிடம் போய், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"சாமி பாட்டு சத்தமாத்தான் இருக்கும். போ, போய் வாசத் தெளி" என்றார்.

அவர் மனைவிதான் மெல்லச் சொன்னார்: "புதுக் கேசட்டு வாங்க இவியளுக்கு மனசு வரல. உன் கேசட்டுலதான் பதிஞ்சிருக்காவ. அஞ்சு பாட்டுதான். பொறவு மிச்சமெல்லாம் உன் கூத்துதான் கெடக்கு."

என் பாட்டு மேலேயே! தெருவில் நின்று அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை.

ஐந்து பாட்டு முடிந்ததும் தினமும் கடைக்காரரே ஓடிப்போய் நிறுத்துவார். வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் அவசரத்தில் அதை மறந்து, பாட்டைப் போட்டுவிட்டு, டேப் ரெக்கார்டர் இருந்த மாடி அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார்.

ஐந்தாவது பாட்டு முடிந்தது. டிரம் இறங்கியது. நான் ஜன்னலோரம் பயந்து பயந்து கேட்டதெல்லாம் கூம்பில், தெரு முழுக்க. கோலமாவும் கையுமாகப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"ஏட்டி, அத நிறுத்துட்டி!"

"நான் எப்படி நிறுத்த? அது நம்ம வீட்டுலயா இருக்கு? நீங்கதான தூக்கிக் குடுத்தீங்க."

வாளியை எடுத்து, நிதானமாக, வாசல் தெளித்தேன்.