எடுடா கையை

பன்னிரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவள். டிப்போவில் எல்லாருக்கும் அவள் 'கியரக்கா'. வாய்த்துடுக்கு கொஞ்சம் கூடுதல்தான்; ஆனால் ஓட்டுவதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு மதியம், இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிவிட்டது என்று ஒருவன் பின்னாலிருந்து அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்தான். பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினாள். முப்பது பேரில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவள் தொண்டையிலிருந்துதான் சத்தமே வரவில்லை. அன்றிலிருந்து பின்னால் யார் நடந்தாலும் கழுத்து கட்டையாகிவிடும், மூச்சு பாதியில் நிற்கும். பஸ் எடுக்கவே முடியவில்லை.

"டிக்கெட் கவுண்டருக்கு வந்துடுங்கம்மா, நிம்மதியா இருக்கலாம்" என்றார் மேனேஜர்.

"பயந்தாங்கொள்ளி ஆயிட்டேனே" என்று கூடப்பிறந்த அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்காதான் ஒரு மனநல ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நடந்ததை மறுபடியும் சொல்ல மாட்டேன்" என்றாள், உட்காரும்போதே.

"வேண்டாம்" என்றார் அந்த ஆலோசகர் அம்மா. "இப்ப கழுத்து என்ன பண்ணுது? சரிபண்ண வேண்டாம், சும்மா கவனிங்க."

இதுவும் ஒரு வைத்தியமா என்று நினைத்தபடியே கவனித்தாள். இறுக்கம், சூடு, தோள் வழியாக முழங்கைக்கு இறங்கும் துடிப்பு. தாங்க முடியாதபோது பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கச் சொல்வார். அடங்கியதும் மறுபடி கழுத்துக்கு வருவார்கள்.

ஆறாவது வாரம், "கை எதையோ தள்ளணும்னு துடிக்குது" என்றாள்.

"தள்ளட்டும். மெதுவா."

நாற்காலிக்குப் பின்னால் ஆலோசகர் ஒரு தடித்த தலையணையைப் பிடித்துக்கொண்டார். முழங்கையால் அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். தள்ளத் தள்ள, தொண்டையில் சிக்கிக் கிடந்தது வெளியே வந்தது: "எடுடா கையை."

உடம்பு முழுக்க உதறியது. உதறல் நிற்கும்வரை ஆலோசகர் தலையணையைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு சொன்னாள்: "நான் பயந்து சும்மா இருக்கலைங்க. ஸ்டியரிங்கை விட்டிருந்தா முப்பது பேர் போயிருப்பாங்க."

அடுத்த வாரம் மேனேஜர் இடமாற்றக் கடிதத்தை நீட்டினார். அதை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"தப்பு பண்ணது அவன். நான் ஏன் சார் இடம் மாறணும்? டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி தடுப்பு போடுங்க."

"உங்க ஒருத்தருக்காகவா?"

"ஓட்டுற எல்லாருக்கும்."

மற்ற டிரைவர்களும் கூடவே நின்றார்கள். தடுப்பு வர நாலு மாசம் ஆனது. அவள் அதற்கு முன்பே சீட்டில் ஏறிவிட்டாள்.

இப்போதும் சில நாள் கழுத்து இறுகும். அப்போது ஸ்டாப்பிலேயே நிறுத்தி, மூச்சு சீராகும்வரை காத்திருப்பாள்.

"என்னம்மா, கிளம்பலையா?" என்று யாராவது அவசரப்படுத்துவார்கள்.

"ஒரு நிமிஷம் ஆகும்" என்பாள், திரும்பிப் பார்க்காமல்.