சீர்த்தட்டில் வைத்த பிரஷ்

கண்ணுகளா, பொங்கலன்று உங்கள் அத்தை வீட்டில் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று கேட்டீர்கள். ஊரார் சொல்வதை விடுங்கள், நானே எழுதுகிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, நர்சம்மா ஒருமுறை நம் தெருவுக்கு வந்தார். தட்டையான மரக்குச்சி ஒன்றையும் மெல்லிய பிரஷ் ஒன்றையும் காட்டினார்.

“குச்சின்னா ஆஸ்பத்திரியில வந்து படுக்கணுங்க, நாங்க சுரண்டி சாம்பிள் எடுப்போம். பிரஷ்னா ஊட்லயே நீங்களே எடுத்துக் குடுத்தரலாம். எதுலயாச்சும் எடுங்க, சும்மா மட்டும் இருந்தராதீங்க.”

உங்கள் அம்மா கூச்சக்காரி. பிரஷை வாங்கி அலமாரியில் வைத்தாள். அப்போது நம் வீட்டில் தங்கியிருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏம்புள்ள, நல்ல குடும்பத்துப் பொம்பளைக்கு இந்த நோவு வருமா? எந்தம்பி மானமே போயிரும்!”

உறையைக் கிழித்து, அந்தப் பிரஷாலேயே நம் வீட்டுத் தறியில் படிந்த பஞ்சைத் தட்டினாள். மறுநாள் நர்சம்மா வந்தபோது, “இங்க யாருக்கும் ஒண்ணுமில்லீங்க” என்று வாசலோடு திருப்பியும் அனுப்பினாள். தறிச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில், நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா இதை என்னிடம் சொன்னாள். “அக்காகிட்டக் கேட்டராதீங்க” என்றாள். அவள் உயிரோடு இருந்தவரை கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கும் அக்காவுக்குச் சீர் கொண்டுபோனேன். சேலை, மஞ்சள், வெற்றிலை. எல்லாவற்றுக்கும் மேலே, நர்சம்மாவிடம் கேட்டு வாங்கிய புதுப் பிரஷ். அக்காவின் மாமியார், கொழுந்தனார்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

“இதென்ன சாமி, தட்டுல?” என்றாள் அக்கா.

“நல்ல குடும்பத்துக்கு வராத நோவுக்குங்கக்கா. எம்பொண்டாட்டி வெச்சிருந்ததுல நீங்க பஞ்சு தட்டிட்டீங்க. அவ போய்ச் சேந்துட்டா. இதுலயாச்சும் தட்டாம, உங்களுக்கு எடுத்துப் பாருங்க. நர்சம்மாவ நானே கூட்டிட்டு வாரேன்.”

“எல்லாரு முன்னாடியும் மானத்த வாங்கறயேடா!”

“மானந்தானுங்களே போச்சு? உசுரு இருக்குதில்ல?”

“ஏம்மா, இவரு சொல்றது நெசமா?” என்றார் மாமியார். அக்கா தலையைத் தூக்கவில்லை. எனக்கு அது போதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிரஷை நிஜமாகத்தான் கொடுத்தேன். நெடுநாள் இருந்து, அந்த வீட்டில் தினமும் எல்லோர் முகத்திலும் விழிக்கட்டும்.

வெறும் தட்டாக அனுப்பக் கூடாது என்று மாமியார் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார். சங்ககிரி தாண்டியதும் வண்டியை நிறுத்தினேன். பழங்களைச் சாலையோரக் கல்லின் மேல் வைத்துவிட்டு, தட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.