பிரேக் அங்கிளும் வாங்காப் போராட்டமும்

ஆமை மேசைக்காலில் முட்டப் போகிறது. அங்கிளின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. ஆமை நிற்கவில்லை, போய் முட்டுகிறது, ஒருமுறை முனகுகிறது, வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. "பாத்தீங்களா, திரும்பிடுச்சு!" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறார். தான் மிதித்ததால்தான் திரும்பியது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

ஆமை என்பது தானாக ஊர்ந்து தரையைப் பெருக்கும் இயந்திரம். தட்டு போல வட்டமாக இருக்கும். கைபேசி, கணினி, தொலைக்காட்சி என்று மின்சாரத்தை நம்பிப் பிழைக்கும் சகலத்தையும் விற்கிற பெரிய கடையில், தாழ்வான மரச்சட்டத்துக்குள் ஒரு கம்பளம் விரித்து, வீடு போலத் தெரிய ஒரு குட்டி மேசையும் போட்டு, அதை ஓட விட்டிருக்கிறார்கள். சட்டத்துக்கு வெளியே முதுகில்லாத ஸ்டூல் ஒன்று. கடையின் ஸ்டூல்தான். ஆனால் சாயங்காலம் அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால், "அங்கிள் வர்ற நேரம், கொஞ்சம் எந்திரிங்க" என்று கடைக்காரர்களே எழுப்பிவிடுவார்கள்.

அங்கிளுக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவருடைய காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் மறந்தால் அவர் மிதிப்பார். மிதித்த பிறகு நிதானமாகக் கேட்பார், "இப்ப பிரேக் போட்டது யாரு கண்ணு?" "நான்தான் சார்." "இல்ல கண்ணு. நான்." காரை விட்டு இறங்கினாலும் அந்த பிரேக் அவரை விட்டு இறங்குவதில்லை. பஸ்ஸில் போனால் மிதிப்பார். சினிமாவில் கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தால் மிதிப்பார். வீட்டில் மனைவி, "அன்னைக்கு உங்க தங்கச்சி என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்ததும் கால் தானாகக் கீழே போகும். அந்த இடத்தில் மட்டும் பிரேக் பிடித்ததாகத் தகவல் இல்லை.

மனைவிக்கு இந்தக் காலின் மேல் வேறொரு வழக்கு இருக்கிறது. "நான் வீடு கூட்டும்போது காலைத் தூக்குங்கன்னா, நட்டு வச்ச கம்பம் மாதிரி அப்படியே இருக்கும். கேட்டா, பழக்கமாயிடுச்சாம். கடைக்குப் போய் கூட்டுற மிஷினை மட்டும் கண்கொட்டாம பாக்கத் தெரியுது!"

கண்கொட்டாமல் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வேறு ஊரில் இருக்கும் மகளின் மகள், பேசத் தொடங்கியதிலிருந்து சாப்பிட மறுக்கிற ஜாதி. கதை, பாட்டு, நிலா எதற்கும் வாய் திறக்காதவள், ஒருநாள் தாத்தா கடையிலிருந்து வீடியோவில் பேசியபோது பின்னால் ஊர்ந்த இயந்திரத்தைப் பார்த்து, "ஆமை!" என்று வாயைத் திறந்தாள். மகள், திறந்த வாய்க்குள் ஒரு கவளத்தைத் தள்ளினாள். அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. இங்கே ஆமை ஊரும். அங்கே வாய் திறக்கும். மகள் ஒருமுறை புத்திசாலித்தனமாக ஆமையைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினாள். குழந்தை இரண்டு தடவை "திரும்பு, திரும்பு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "இது செத்துப் போச்சு" என்று தட்டைத் தள்ளிவிட்டது. உயிருள்ள ஆமை தன் சொல்லைக் கேட்டுத் திரும்புகிறது என்பது அவள் நம்பிக்கை. தாத்தா மிதித்ததால் திரும்புகிறது என்பது தாத்தாவின் நம்பிக்கை. பரம்பரை எப்படியெல்லாம் இறங்குகிறது பாருங்கள்.

தாத்தா குடியிருப்பதே அந்தக் கடையில்தான் என்றும் அவள் நினைத்திருக்கிறாள். "தாத்தா, உன் வீட்ல ஏன் இவ்ளோ டிவி?" என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "எல்லாம் உனக்குத்தான்டா தங்கம்" என்று கையை ஒரு வீசு வீசிக் காட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தக் குறுஞ்செய்தி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வந்தது. கடைக்கு ஊர் ஊராகக் கிளைகள். அத்தனைக்கும் புதிய தலைமை அதிகாரி நியமனம் ஆகியிருக்கிறாராம். காலணிக் கடைகளை நடத்திப் பேர் வாங்கிய அம்மையார்.

முன்பிருந்த அதிகாரி ஆணா பெண்ணா என்று கேட்டிருந்தால்கூட ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. ஆனால் அவர் போனதில் எல்லோருக்கும் சொந்தத்தில் ஒரு இழப்பு ஏற்பட்டுவிட்டது. "செருப்பு வித்தவங்களுக்கு சார்ஜரைப் பத்தி என்ன தெரியும்?" என்றார், சார்ஜரின் எந்த முனை எங்கே போகும் என்று அப்போதுதான் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர். "இனிமே ஃபோனை ஜோடியாத்தான் தருவாங்க. வலது காதுக்கு ஒண்ணு, இடது காதுக்கு ஒண்ணு." "சைஸ் பத்தலைன்னா மாத்திக்கலாமா?" "முதல்ல கொஞ்சம் கடிக்கும், போகப் போகச் சரியாயிடும்னு சொல்லுவாங்க." இணையத்தில் ஒருவர் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதினார்: 'வண்டி நிறுத்த இடம் தாராளம். தலைமை சரியில்லை.' ஒரு பெண்மணி போன வருடம் வாங்கிய மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழுதொன்றும் இல்லை. பழைய நிர்வாகம் இருக்கும்போதே ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

அங்கிள் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பை நிறுத்தியவர், 'ஹெட்ஃபோன்' என்று கடையில் எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர். அவரும் தினசரி வருகிறவர். விற்பனைக்கு மாட்டியிருக்கும் ஹெட்ஃபோன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாட்டுக் கேட்பார். காதில் அது இருக்கும்போதே பேசுவதால் ரகசியத்தையும் அறிவிப்பு போலத்தான் சொல்லுவார். அப்படித்தான் சொன்னார்: "விஷயம் தெரியுமா? அந்தம்மா செருப்புக் கடைக்குப் போன முதல் நாளே எல்லா ஸ்டூலையும் தூக்கி வெளிய போட்டாங்களாம்!"

கடை முழுக்கக் கேட்டது. அங்கிளின் வலது கால் கீழே போனது.

ஸ்டூல் போனால் இடம் போகும். இடம் போனால், 'சும்மா உட்கார்ந்திருப்பவருக்காக எதற்கு ஆமை ஓட வேண்டும்?' என்ற கேள்வி வரும். ஆமை நின்றால் அங்கே வாய் மூடும். அவர் மனத்தில் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. ஆமையையே விலைக்கு வாங்கிவிடலாம் என்றால், அதன் விலைச் சீட்டைப் பார்த்த அன்றும் அவர் ஒருமுறை மிதித்திருக்கிறார்.

"விடக்கூடாது," என்றார். "அந்தம்மா போற வரைக்கும் இந்தக் கடையில யாரும் எதுவும் வாங்கக் கூடாது. வாங்காப் போராட்டம்!"

தினசரி வருகிற எல்லோரும் ஒரே குரலில் ஆதரித்தார்கள். தியாகம் என்று வந்துவிட்டால் அவர்கள் பின்வாங்குகிற ஆட்கள் இல்லை. கடையின் மேலாளர், குரலை உயர்த்தவே தெரியாத ஒரு பெண், மெதுவாக வந்து கேட்டார், "அங்கிள், நீங்க கடைசியா இங்க என்ன வாங்கினீங்க?"

"ஏன், ஒரு பேட்டரி வாங்கினேனே?"

"எப்ப?"

"உங்க சட்டையெல்லாம் நீலமா இருந்துச்சே, அப்ப."

"நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து பச்சைதான் அங்கிள்."

"அதான் சொல்றேன், மேனேஜரம்மா. நான் பழைய கஸ்டமர்!"

போராட்டம் வாசலில் தொடங்கியது. உள்ளே வாங்காமல் இருந்தால் அது போராட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதால், வெளியே வரிசையாக நின்று வாங்காமல் இருந்தார்கள். வரிசை என்றால் அங்கிளுக்கு ஒழுங்கு வேண்டும். முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே சரியான இடைவெளி, ஓரம் விட்டு நிற்பது என்று கார் நிறுத்துகிற கணக்கில் நிறுத்தினார். அதுதான் தப்பாகப் போயிற்று. தெருவில் போனவர்கள் இவ்வளவு ஒழுங்கான வரிசையைப் பார்த்தார்கள். இவ்வளவு ஒழுங்காக மனிதர்கள் நிற்கிறார்கள் என்றால் உள்ளே பெரிய தள்ளுபடி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து பின்னால் வந்து நின்றார்கள். "என்ன தர்றாங்க?" என்று கேட்டவரிடம் ஹெட்ஃபோன், "ஒண்ணும் வாங்காதீங்க!" என்று கத்தினார். நமக்குக் கிடைக்காமல் செய்யப் பார்க்கிறான் என்று நினைத்து, கேட்டவர் முண்டியடித்து உள்ளே போனார்.

அந்த வாரம் அந்தக் கிளையில் நடந்த வியாபாரம் வேறெந்தக் கிளையிலும் நடக்கவில்லை. தலைமையகத்திலிருந்து மேலாளருக்குப் பாராட்டு வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது: புதிய தலைமை அதிகாரி இந்தக் கிளையை நேரில் பார்க்க வருகிறார்.

வருகிற நாளில் கடை பளபளத்தது. அழகாக இருக்கட்டும் என்று ஆமையைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தையும் கம்பளத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆமைக்கு விடுதலை. அது கடை முழுக்க ஊர்ந்து திரிந்தது. அங்கிள் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள். தலைமை அதிகாரி வருகிறார் என்பதற்காகக் குழந்தைக்குப் பசி தள்ளி வருமா?

"தாத்தா, ஆமை எங்க?"

"இதோ வருது, இதோ வருது. வாயைத் திற."

ஒரு பெண்மணி இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பருத்திப் புடவை, காலில் சத்தம் வராத தட்டையான செருப்பு. செய்தியோடு வந்த படத்தில் பார்த்த முகம். அங்கிளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாதவர் ஹெட்ஃபோன் ஒருவர்தான். தூரத்திலிருந்து, காதில் பாட்டோடு, "என்ன, செருப்பம்மா வந்தாச்சா?" என்று அலறினார்.

"வந்தாச்சு," என்றார் அந்த அம்மாள், சாதாரணமாக. பிறகு அங்கிளிடம் திரும்பி, "என்ன வாங்க வந்தீங்க சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வாங்க மாட்டேம்மா. போராட்டம் நடக்குது."

"யாரை எதிர்த்து?"

"உங்களைத்தான்." பேச்சை ஆரம்பித்துவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். கைபேசியில் "ஆமை போயிடுச்சு!" என்று ஓர் அழுகுரல். "ஒரு நிமிஷம் இருங்கம்மா. பாப்பா இன்னும் கொஞ்சம் சாப்பிடணும். அப்புறம் உங்களை எதிர்க்கிறேன்."

"முதல்ல அதைப் பாருங்க," என்று அம்மாளும் கைபேசிக்குள் எட்டிப் பார்த்தார். இத்தனை வருடக் காலணிக் கடைப் பழக்கம் போகுமா? அடுத்த நொடி கண் கீழே இறங்கி அங்கிளின் காலில் நின்றது. "ஏன் சார், வலது ஷூ மட்டும் முன்னாடி இப்படித் தேஞ்சிருக்கு?"

"பிரேக்கும்மா."

அதற்கு மேல் விளக்கம் கேட்காமல் தலையாட்டினார். அவருடைய தொழிலில் தேய்ந்த காலணிக்கு ஆயிரம் காரணம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. அந்தத் தலையாட்டலில் அங்கிளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மனத்தில் ஓட்டிப் பார்த்த பெரிய பேச்சு மறந்து போய், மிச்சம் இருந்தது மட்டும் வந்தது. "நீங்க ஸ்டூலையெல்லாம் தூக்கிடுவீங்களாமே?"

"ஆமா."

கால் கீழே போனது.

"ஆமா சார். அங்கயும் முதல்ல தூக்கினது அதைத்தான். முதுகு சாய முடியாத ஸ்டூல்ல ஒரு மனுஷன் எவ்ளோ நேரம் உக்காருவார்? நீங்க எப்பவாச்சும் நின்னுக்கிட்டே செருப்பு வாங்கியிருக்கீங்களா? உக்காந்து, போட்டு, ரெண்டடி நடந்து பாத்துத்தானே வாங்குவீங்க? இங்க நாளைக்கே சாயுற நாற்காலி வருது. கைபிடி வச்சது."

எதிர்ப்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், விஷயம்தான் போய்விட்டது. ஒரு தலைவருக்கு இதைவிடச் சங்கடம் உண்டா? "அப்ப... எங்க போராட்டம்?" என்றார் அங்கிள், பாவமாக.

"அது பாட்டுக்கு நடக்கட்டும் சார். தயவு செஞ்சு நிறுத்திடாதீங்க. அதே மாதிரி, வரிசையா."

அவர் கிண்டல் செய்கிறாரா, வியாபாரம் பேசுகிறாரா என்று அங்கிள் யோசித்து முடிப்பதற்குள் ஆமை திரும்பி வந்துவிட்டது. நேராக அம்மாளின் செருப்பைப் பார்த்து ஊர்ந்தது. தடுக்கச் சட்டம் இல்லை. மேலாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"காலைத் தூக்கு!" என்று ஒரு குரல் ஆணையிட்டது. கைபேசியிலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு.

அத்தனை கிளைகளுக்கும் தலைமை அதிகாரி, சட்டென்று இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். ஆமை அவருக்குக் கீழே நிதானமாகப் பெருக்கிக்கொண்டு போனது. அங்கே கைதட்டல். விழுங்கும் சத்தம். "இன்னொரு வாய்," என்று மகளின் குரல். ஆமை ஒரு வட்டம் அடித்து, இப்போது தேய்ந்த ஷூவை நோக்கி வந்தது.

"தாத்தா, நீயும்!"

அவருடைய வலது கால் வழக்கம் போலத் தரையை மிதித்தது. ஆமை வந்துகொண்டே இருந்தது. கால் இன்னும் ஒருமுறை அழுத்தியது. பிறகு, கைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பக்கத்தில் கால் தூக்கி உட்கார்ந்திருந்த அம்மாளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அவர் அந்தக் காலை மெல்ல, மிக மெல்லத் தரையிலிருந்து எடுத்தார்.