ஒரே அளவில் இரண்டு மீன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாதத்தில், பெரம்பலூரில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. என் கணவர் எலக்ட்ரீஷியன். கல்யாண மண்டபம் ஒன்றில் வேலை பார்க்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலை ஹாலில் போட்டோம். எதிரில் அவருடைய கடல் மீன் தொட்டி.

நான்கடி நீளத் தொட்டி அது. உப்பு கலந்த தண்ணீர், உள்ளே பாறை, பாறை மேல் உயிருள்ள பவளம். கடலே இல்லாத ஊரில் கடல் வளர்க்கிறார் என்று தெருவே கேலி செய்யும். நானும் செய்வேன். ஆனால் வேலை முடிந்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்தாரென்றால் அவர் முகமே மாறிவிடும். அதில் குள்ள ஏஞ்சல் மீன் வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. விரல் நீளத்துக்குத்தான் வளரும், உடம்பெல்லாம் தணல் நிறம், நடுவில் கறுப்புக் கோடுகள். சிலது பவளத்தைக் கொத்தும், சிலது சண்டை போடும், பார்த்துத்தான் எடுக்கணும் என்று மாதக்கணக்கில் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

விழுந்த பிறகு அவருக்குப் பேச்சே குறைந்துபோனது. வலி என்று நினைத்தேன். நானோ அவசரக்குடுக்கை. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அவருக்கு வந்த போனையும் நானே எடுத்துப் பேசினேன். இட்லியா தோசையா என்றுகூட அவரைக் கேட்டதில்லை. எதையாவது சொல்ல வாயெடுத்தால், “நீங்க பேசாம படுங்க, நான் பாத்துக்கிறேன்” என்பேன். அத்தனையும் அன்பில்தான் செய்தேன், சத்தியமாக.

எங்கள் கல்யாண நாள் வந்தது. அவரிடம் சொல்லாமல் அந்த மீனை வாங்கி வந்து அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டுத் திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

கடையில் ஆறு மீன்கள் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. ஒற்றையாக வாங்க மனசு வரவில்லை, ஜோடியாக வாங்கலாம் என்று தோன்றியது. அங்கேதான் என் பிறந்த வீட்டுப் புத்தி வேலை செய்தது. நான் எறையூர்ப் பக்கம். என் அப்பா மாட்டு வண்டியில் ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர். ஜோடி மாடு வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி, முதுகுக்கு முதுகு கயிறு பிடித்துப் பார்ப்பார். ஒன்று உயரம், ஒன்று மட்டம் என்றால் நுகம் சாய்ந்துவிடும். அதே கணக்கில் நானும் குனிந்து நிமிர்ந்து, ஒரே நீளம், ஒரே பருமன், கோடுகூட ஒரே மாதிரி உள்ள இரண்டைப் பொறுக்கினேன். கடைக்காரர், “ரெண்டும் ஒரே தொட்டிக்காங்க?” என்று ஏதோ சொல்ல வந்தார். “ஆமாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் கட்டிக் குடுங்க” என்றேன். அவரையும் பேச விடவில்லை பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அவர் செய்வதைப் பார்த்திருந்தபடியே பக்குவமாக மீன்களை விட்டேன். கண் விழித்துப் பார்த்தவரின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பிறகு மெதுவாக, “ரெண்டும் ஒரே அளவா இருக்கே” என்றார். “பின்ன? பாத்துப் பாத்துல்ல எடுத்தேன்!” என்று கயிறு பிடித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். அப்புறம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு மீன் பாறையைச் சுற்றி ராஜா மாதிரி வலம் வந்துகொண்டிருந்தது. இன்னொன்று தண்ணீரின் மேல் மூலையில், குழாய்க்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தது. துடுப்பும் வாலும் கந்தல். வெளியே தலை காட்டினால் போதும், முதல் மீன் பாய்ந்து வந்து கடித்தது. நோயில் நலிந்ததால்தான் மற்றது கடிக்கிறது என்று நானே தீர்மானித்து, டவுனில் வண்ண மீன் விற்கும் கடைக்கு ஓடி ஒரு மருந்து பாட்டில் வாங்கி வந்து, மூடியைத் திறந்து தொட்டிக்கு மேல் கவிழ்க்கப் போனேன்.

“ஊத்தாத!”

வீடே அதிர்ந்தது. இரண்டு மாதத்தில் அவர் குரல் அப்படி எழுந்து நான் கேட்டதில்லை. அது நல்ல தண்ணீர் மீனுக்கான மருந்து. ஊற்றியிருந்தால் மூன்று வருடமாக வளர்த்த பவளம் முழுக்கச் செத்திருக்கும். அதற்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இந்த வகை மீன் குட்டியில் எல்லாமே பெண்தானாம். சேர்த்து விட்டால் பெரியது ஆணாக மாறும், சிறியது பெண்ணாக இருந்துகொள்ளும். அதனால் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றுதான் எடுக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் எதுவும் விட்டுக்கொடுக்காது, ஒன்று ஓயும்வரை அடித்துக்கொள்ளும்.

“தெரிஞ்சா நேத்தே சொல்லக் கூடாதாங்க?” என்று அழுதேன்.

“நீ எங்க சொல்ல விட்ட?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு படுத்தபடியே அவர் சொல்ல, நான் செய்தேன். தொட்டிக் கண்ணாடியில் வெளியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். முரட்டு மீன் அதில் தெரிந்த தன்னோடேயே மல்லுக்கட்டப் போய்விட்டது. அந்த இடைவெளியில், அடிபட்டதைக் காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையில் அள்ளி, கூடையைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். அவரே போன் போட்டு அரியலூரில் ஒருவரிடம் பேசினார். மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம், நேரில் பார்த்ததே கிடையாது. அந்த மனிதர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல், மூடி போட்ட வாளியோடு பஸ் ஏறி வந்து இறங்கினார். “கவலப்படாதீங்க அக்கா, பொழச்சுக்கும். எங்கிட்ட ஒரு தொட்டி சும்மாதான் கெடக்கு” என்று அடிபட்ட மீனை வாங்கிக்கொண்டார். அப்புறம் என் கணவரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் தொட்டியில் பவளம் வெளுத்துப்போவதற்கு யோசனை கேட்டார். என் கணவர் ஒரு மணி நேரம் பேசினார். காபி போடப் போன நான் அடுப்படியிலேயே நின்று அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரலை எவ்வளவு நாளாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மீன் பிழைத்துவிட்டது. அரியலூரிலேயே இருக்கிறது. தை பிறந்ததும் அந்த அரியலூர்க்காரரே அதற்குப் பதிலாகப் பாதி அளவில் ஒரு குட்டி கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் என் கணவர் வாக்கர் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தார். பாறைகளை இடம் மாற்றி அடுக்கி, குட்டியைச் சில நாள் கூடையிலேயே வைத்திருந்து, அவர் சரி என்ற பிறகுதான் திறந்துவிட்டேன். பெரியது இரண்டு முறை துரத்தியது, அப்புறம் விட்டுவிட்டது. இப்போது இரண்டும் ஒரே பொந்தில்தான் தூங்குகின்றன.

இப்போது அவர் வேலைக்குப் போகிறார். நான் இன்னமும் அவசரக்காரிதான், ஆனால் காலையில் இட்லியா தோசையா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். முறிந்தது அவருடைய இடுப்புதான், அவர் இல்லை என்று எனக்குப் புரிவதற்கு வாயில்லாத ஒரு ஜீவன் கந்தலாக வேண்டியிருந்ததே என்ற வருத்தம் மட்டும் இன்றுவரை போகவில்லை.